முட்டிவலித் தைலமும் குப்பத்துக் கட்டுப்பாடும்

மூணாங் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன் நான். அதுக்கப்புறம் செய்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு ஐஸ் ஃபாக்டரியிலிருந்து கடலோரக் குப்பங்களுக்கு சைக்கிளில் ஐஸ் கொண்டு போனேன். சைக்கிள் டெம்போ ஆச்சு, டெம்போ லாரி ஆச்சு. லாரியை விற்று மறைமலைநகர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் பஸ் விட்டேன். ஒரு பஸ் பதினோரு பஸ் ஆனது. ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிக் கல்யாண மண்டபம் கட்டினேன். பையனை என்ஜினீயர் ஆக்கி கனடாவுக்கு அனுப்பினேன். என்னை கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்க வைத்த ஐஸ் ஃபாக்டரிக்காரர், கடைசியில் தன் பேத்தி கல்யாணத்துக்கு என் மண்டபத்தில்தான் வந்து தேதி கேட்டார். கொடுத்தேன். அதுவும் முகூர்த்த நாளில்.

இதில் ஒன்றுக்கும் எவனும் கைதூக்கி விடவில்லை. பேங்கில் என் கையெழுத்து தடவைக்குத் தடவை மாறுகிறது என்று சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வேற பேங்குக்குப் போனேன்.

இப்போது கனடாவில் பையனோடு இருக்கிறேன். மண்டபத்தை மகள் பேருக்கு எழுதிக் கொடுக்க இந்தத் தடவை ஊருக்கு வந்தேன். வந்த வேலை ஒன்று, நடந்தது வேறொன்று. நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் காலையிலேயே செங்கல்பட்டு பத்திர ஆபீஸ். அதுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு பக்கம் நாஸ்தா: இட்லி, வடகறி. கனடாவில் என் மருமகளும் வடகறி செய்வாள். நல்ல பெண், குறை சொல்லக் கூடாது. ஆனால் வடகறி வேற. ஆபீஸில் சர்வர் வேலை செய்யவில்லை, திங்கட்கிழமை வாங்க என்றார்கள். கனடாவில் இப்படிச் சொன்னால் பையன் மெயில் போடுவான். நான் சரி என்று எழுந்து வந்தேன். மூன்று நாள் சும்மா கிடைத்தால், என் சைக்கிள் காலத்து ஐஸ் வாடிக்கை தேசிங்குவைப் பார்க்காமல் வேறு யாரைப் பார்ப்பேன்? கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒரு குப்பத்தில் படகு வைத்திருக்கிறவன்.

பொத்தேரியில் மகள் வீட்டில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் நிறுத்தத்தில் போலீஸ்காரர்கள் காலேஜ் பசங்களின் பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஞ்சா சோதனை என்றார் பக்கத்துக் கடைக்காரர். வரிசையில் நின்ற இரண்டு வடக்கத்திப் பையன்கள் இந்தியில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. லாரி ஓட்டின காலத்து இந்தி எனக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. ஒருவன் சொன்னான்: "சாராயக் கடைக்குக் காவல் நிக்கிறதும் போலீஸ், என் பையை நோண்டுறதும் போலீஸ்." இன்னொருவன் சொன்னான்: "வாயை மூடு, இந்தக் கிழவருக்கு இந்தி தெரிஞ்சிருந்தா?" கிழவருக்குத் தெரியும் என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. என் முறை வந்தபோது போலீஸ்காரர் பையைத் தொடவே இல்லை. பெரியவரே நீங்க போங்க என்று வழிவிட்டார்.

எனக்குப் பழைய நாள் வந்துவிட்டது. மதுவிலக்கு இருந்த காலத்தில் ஐஸ் வண்டி என்றாலே சந்தேகம். மரத்தூளுக்கு அடியில் சாராயம் அடைத்த டயர் டியூப் இருக்கும் என்று கம்பியை விட்டுக் குத்துவார்கள். டியூப் இருக்காது, ஐஸ் உடையும். உடைந்த ஐஸோடு குப்பத்துக்குப் போனால், இது ஐஸா சர்பத்தா என்று தேசிங்கு கேட்பான். கொஞ்ச வருஷத்தில் அரசாங்கமே கடை திறந்து விற்றது. அப்புறம் மூடியது. அப்புறம் திறந்தது. சட்டம் திரும்பித் திரும்பிப் படுத்தது. குடிக்கிறவன் மட்டும் படுத்த இடத்திலேயே படுத்திருந்தான்.

கோவளத்தில் இறங்கி டீயும் சமோசாவும். டீ நன்றாக இருந்தது, சமோசா நேற்றையது. அங்கிருந்து ஆட்டோ. ஈ.சி.ஆரில் பாதி வழியில் ஆக்சிலேட்டர் வயர் அறுந்துவிட்டது. டிரைவர் போனை எடுத்து மெக்கானிக்கைத் தேடினான். நான் கீழே இறங்கி, ரோட்டோரம் வலை பின்னிக்கொண்டிருந்தவரிடம் தூண்டில் நரம்பு ஒரு முழம் வாங்கிக் கட்டினேன். வண்டி கிளம்பியது. இதே ரோடு மணலும் சவுக்குத் தோப்புமாக இருந்த காலத்தில், ஐஸ் உருகுவதற்குள் போய்ச் சேரணும் என்று மிதித்த மிதி என் முட்டியில் இன்னும் இருக்கிறது.

தேசிங்கு வீட்டு வாசலில் முதலில் பார்த்தது படகைத்தான். தண்ணீரைப் பார்க்க வேண்டிய படகு வீட்டைப் பார்த்து மணலில் கிடந்தது.

"இன்னா மச்சான், கனடாவுல சோறு போட்லையா? காத்தாடியாட்டம் ஆயிக்கினு வந்து நிக்கிறே."

"அத்த வுடு. படகு ஏன் மேல கீது?"

"ஊரு ஏத்தச் சொல்லிச்சி. ஏத்திட்டேன்."

சாப்பாட்டில் விஷயம் புரிந்தது. கரையெல்லாம் நெத்திலி வந்து கொட்டுகிற சமயம். படகு வைத்திருக்கிற அந்த வீட்டில் அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. மருமகள் குனிந்த தலை நிமிராமல் பரிமாறினாள்.

தேசிங்கு சொன்னது இதுதான். மூன்று வருஷம் முன்னே குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு போட்டார்கள். கஞ்சா விற்றாலும் சரி, குடித்தாலும் சரி, கையில் வைத்திருந்தாலும் சரி, அந்த வீட்டுப் படகு கடலில் இறங்கக் கூடாது. போன வாரம் அவன் பெரிய மகன் பாஸ்கர் வலைப் பெட்டியில் ஒரு பொட்டலம் கிடைத்தது. பாஸ்கர் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். விற்கிறவன் இல்லை, கடலிலிருந்து வந்ததும் இழுக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். ஒரு வருஷம் படகு நிற்கட்டும் என்று ஒரு கட்சி. அது போதாது, ஆளையும் போலீஸில் விடணும் என்று இன்னொரு கட்சி. ஒரு வருஷம் நின்றால் இஞ்சின் துருப்பிடிக்கும், கூட வருகிற ஆட்கள் வேறு படகுக்குப் போய்விடுவார்கள். அப்புறம் தேசிங்கு வீடு மீன்பிடிக்கிற வீடாக இருக்காது.

நான் இருக்கிறேன், கவலைப்படாதே என்றேன். அப்படிச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

பிறகு பையைத் திறந்து தைல டப்பாக்களை எடுத்தேன். கனடாவில் என் பேத்தி எனக்கு முட்டிவலிக்கு வாங்கிக் கொடுத்த தைலம். தேய்த்தால் வலி அப்படிக் கேட்கும். அவளுக்குத் தெரியாமல், வீட்டிலிருந்த புது டப்பாக்களை எல்லாம் ஊர்க்காரர்களுக்கென்று பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். டப்பா மேல் சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு சின்ன இலைப் படம் இருக்கும். மரவள்ளி இலை என்று நினைத்திருந்தேன். எங்கள் கொல்லையில் இருந்த மரவள்ளி அதே மாதிரி விரல் விரித்து நிற்கும். தேசிங்கு முட்டியில் நானே தேய்த்துவிட்டேன். பாஸ்கர் வந்தான், டப்பாவைத் திருப்பிப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். "பெரிப்பா, இது எங்க வாங்கினது?" என்றான். ஃபாரின் என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

மறுநாள் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கப் போனேன். முதலில் குப்பத்துத் தலைவர் கோவிந்தன். படகும் உண்டு, மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூம் வாடகைக்கும் விடுகிறவர். அவர் அப்பா காலத்திலேயே விட்டார்கள். நான் ஐஸ் இறக்கின நாட்களில், நீள முடி வைத்த வெள்ளைக்காரர்கள் அந்த வீட்டுக் கீற்றுக் கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்து களிமண் சிலும்பியில் கஞ்சா இழுத்துப் புகைவிடுவார்கள். ஒருத்தன் என் ஐஸில் ஒரு துண்டு வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக அழுதான். ஏன் என்று அவனுக்கும் தெரியவில்லை. கோவிந்தன் அம்மா அவனுக்குச் சங்கரா மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். சாப்பிட்டுத் தூங்கிவிட்டான். அப்போது சட்டம் இருந்ததா இல்லையா தெரியாது, போலீஸைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஏ.சி. ரூம்.

அதைச் சொல்லித்தான் கோவிந்தனிடம் பேச்சை ஆரம்பித்தேன். அவர் சொன்னார்: "அப்போ அவன் பொகைய அவன் இழுத்தான், நாம மீன் வித்தோம். இப்போ நம்ம புள்ளைங்க இழுக்குது. அதான் அண்ணாத்த வித்தியாசம்."

கனடாவில் இதையே கடை போட்டு, வயசு பார்த்து, பில் போட்டு, வரி வாங்கி விற்கிறார்கள் என்று சொன்னேன். அப்படியானால் அங்கே எல்லாம் சரியாயிருச்சா என்று கேட்டார். நான் பொய் சொல்கிறவன் இல்லை. கள்ளத்தனமாக விற்கிறவனும் இருக்கிறான், இதைவிடப் பெரிய சனியனை எல்லாம் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் பனியில் கிடக்கிறவனும் இருக்கிறான், ஆனால் ஒருத்தன் இழுத்தான் என்று அவன் வீட்டு அடுப்பை அணைக்கிறதில்லை என்றேன். "ஒன் கனடாவ கனடாவுலயே வெச்சிட்டு வா" என்றார். ஆனாலும் டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டார். கூட இருந்த பஞ்சாயத்துக்காரர்களும் ஆளுக்குக் கொஞ்சம் வழித்துத் தேய்த்துக்கொண்டார்கள். கடலோரத்தில் அறுபது தாண்டின எவனுக்கு முட்டி நல்லாயிருக்கு?

அடுத்தது காசியம்மா. மாமல்லபுரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். பாஸ்கரைப் போலீஸில் விடணும் என்கிற கட்சிக்கு அவள்தான் தலைமை. அவள் தம்பி ஒருத்தன் கஞ்சா பழகி, புத்தி பேதலித்து, ஒரு நாள் கடலில் இறங்கி நடந்தே போய்விட்டான். இரண்டு வருஷம் ஆகிறது. வஞ்சிரம் வெட்டிக்கொண்டே பேசினாள். "அவனுக்குப் பரிஞ்சி பேச வந்திருந்தா இங்க நிக்காதண்ணே. வெயில் ஏறுது, வியாபாரம் போவுது." நான் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, அவளாகவே முட்டியைத் தடவிக்கொண்டு எழுந்தாள். டப்பாவை நீட்டினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பேத்தி வீடியோவில் வந்தாள். தைலம் ஊரையே குணப்படுத்துது, அடுத்த தடவை பெட்டி நிறையக் கொண்டு வரணும் என்றேன். அவள் முகம் மாறியது. "தாத்தா, எந்தத் தைலம்?" காட்டினேன். "ஐயோ தாத்தா, அது கஞ்சா எண்ணெய் சேர்த்தது. இங்க கடையில விக்கலாம். நாட்டை விட்டு வெளிய எடுத்துட்டுப் போனா இங்கயும் குத்தம், அங்கயும் குத்தம். யார் யாருக்குக் குடுத்த?"

சொன்னேன். பொத்தேரியில் எனக்கு வழிவிட்ட போலீஸ்காரர்தான் ஞாபகத்துக்கு வந்தார். பைக்குள் அது இருந்தபோதுதான் அவர் எனக்கு மரியாதை செய்திருக்கிறார். நான் கஞ்சாவைப் புகையாகத்தான் பார்த்திருக்கிறேன், இலையாகப் பார்த்ததில்லை.

தேசிங்குவிடம் சொன்னதும் ஆடிப் போனான். "பேஜாரா பூடும் மச்சான். வாயத் தொறக்காத. டப்பா எல்லாத்தையும் திருப்பி வாங்கிக் கடல்ல கடாசிடு. கஞ்சா கொண்டாந்தவன் என் வூட்லதான் தங்கினான்னு தெரிஞ்சா, படகு இந்த ஜென்மத்துல எறங்காது."

பாஸ்கர் மூலையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். முன்னாலேயே தெரியுமாடா, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா யாரு நம்புவா பெரிப்பா? கஞ்சா அடிச்சிட்டு ஒளர்றான்னு நீங்களே சொல்லியிருப்பீங்க."

வாஸ்தவம். சொல்லியிருப்பேன்.

தேசிங்கு சொன்னது பயந்தவன் சொல்கிற வழி. எனக்கு அது சரிப்படாது. என் பதினோரு பஸ்ஸும் எப்படி ஓடியது தெரியுமா? விடியற்காலையில் ஷெட்டில் நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு டிரைவரும் என் முகத்துக்கு நேரே ஊதிவிட்டுத்தான் சாவி வாங்கணும். நாற்றம் வந்தால் அன்றைக்கு ஸ்டியரிங் கிடையாது, பஸ் கழுவணும். ஆனால் வேலையை விட்டு நிறுத்தியதில்லை. நிறுத்தினால் அடுத்தவன் ஒளிப்பான் என்று எனக்குத் தெரியும். ஒளிக்கிறவன் பின்னால் அறுபது பேரை உட்கார வைத்து நான் எப்படி வண்டியை அனுப்புவேன்? மறைமலைநகர் ஷிஃப்டுக்கு என் பஸ் ஒரு நாள் லேட் என்று எவனும் சொன்னதில்லை.

சாயங்காலம் மீன் ஏலம் விடுகிற கொட்டகையில் கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பாஸ்கரை நடுவில் நிற்க வைத்திருந்தார்கள். கட்டுப்பாட்டை ஒருத்தர் எடுத்துச் சொன்னார். ஒரு வருஷமா, போலீஸா என்று பேச்சு ஏறிக்கொண்டே போனது. நான் எழுந்து, மிச்சமிருந்த டப்பாவைத் தலைவர் முன்னால் வைத்தேன். பேத்தி சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். கொண்டு வந்தவன் நான், கொடுத்தவன் நான், தெரியாமல் செய்தேன், ஆனால் உங்கள் கட்டுப்பாட்டில் தெரியாமல் என்று ஒரு சொல் இல்லை என்றேன். கையில் வைத்திருந்தால் போதும் என்றுதானே போட்டிருக்கிறீர்கள்? அப்படியானால் தலைவர் படகு, பஞ்சாயத்துக்காரர்கள் படகு எல்லாம் மேலே ஏறணும். நாளைக்கு இந்தக் கரையில் கடலுக்குப் போக எந்தப் படகு மிச்சம்?

ஒரு பெரியவர் மெதுவாகத் தன் முட்டியை வேட்டியால் மூடிக்கொண்டார். பெண்கள் பக்கம் ஒருத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பு பரவியது. கோவிந்தன் முகம் கறுத்துவிட்டது. வேணும்னே செஞ்சியா அண்ணாத்த என்று கேட்டார். சிலர் என்மேல் பாய வந்தார்கள். என்னைத்தான் முதலில் போலீஸில் விடணும் என்று ஒரு குரல் வந்தது. விடுங்கள் என்றேன். தேசிங்கு என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தான்.

அப்போதுதான் காசியம்மா எழுந்தாள். இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள், யாரையும் பார்க்கவில்லை.

"மூணு நாளா முட்டி வலிச்சிகினே இருந்திச்சி, நேத்துதான் தூங்கனேன். என் தம்பிய எத்து தின்னுச்சோ அத்தத்தான் தேச்சிகினு தூங்கிக்கீறேன்." மூடியை இறுகத் திருகினாள். "இதுவரைக்கும் யாராண்டையும் சொல்லல. அவனுக்குப் புத்தி கலங்கனப்போ ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவல. போனா ஊருக்குத் தெரியும், எங்கண்ணன் படகு நின்னுபூடும்னு வூட்டுக்குள்ள வெச்சிப் பூட்டினோம். ஆறு மாசம். ஒரு நாளு பூட்ட மறந்துட்டோம்."

டப்பாவைத் தரையில் வைத்தாள்.

"விக்கிறவனப் புடிச்சிக் குடுங்க, நானே வந்து சாட்சி சொல்றேன். ஆனா வஞ்சிரத்தையும் காரப்பொடி மீனையும் ஒரே கூடையில கொட்டி ஒரே வெல சொல்றீங்களே, எவ வாங்குவா? இவன ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. நான் இட்டுகினு போறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் அவள் முதுகில் கையை வைத்தாள்.

அப்புறம் பேசியது எல்லாம் கணக்கு சரிபார்க்கிற மாதிரிதான். நான் என் பஸ் ஷெட்டு வழக்கத்தைச் சொன்னேன். கேட்டார்கள். புதுக் கட்டுப்பாடு இது: விற்கிறவன் எவன் வீட்டுப் பிள்ளையானாலும் ஊர் மறைக்காது, போலீஸுக்குப் போகும். இழுக்கிறவன் மட்டும் படகில் ஏறக் கூடாது, அவன் வீட்டுப் படகு போகலாம். அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஊரே ஆள் கொடுக்கும். டாக்டர் சரி என்றதும் ஏறலாம். ஒளித்து வைத்தால்தான் தெண்டம். ஒரு சின்னப் பையனுக்கு இது கெட்டுப் போக வழி ஆகாதா என்று ஒருத்தர் கேட்டார். ஆகலாம், ஆனால் அது ஊருக்குத் தெரிந்தே இருக்கும் என்றார் கோவிந்தன். அது எனக்குப் பிடித்திருந்தது. தைலம் தேய்த்த பெரியவர்கள் ஒரு நாள் கடலுக்குப் போவதில்லை என்று தாங்களே சொன்னார்கள். டப்பாக்களைக் கொட்டகைக்குப் பின்னால் கொளுத்தினோம். எனக்கு என்ன தண்டனை என்று கேட்டேன். கொட்டகையைக் கழுவச் சொன்னார்கள். மீன் செதில் ஒட்டின தரையை, வலிக்கிற முட்டியோடு, முழுசாகக் கழுவினேன். பாதியில் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை விடியலில் தேசிங்கு படகு இறங்கியது. பாஸ்கர் இடுப்பளவு தண்ணீர் வரை தள்ளிவிட்டு, ஏறாமல் நின்றான். படகு அலை தாண்டுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஈரக் கைலியை மாற்றிக்கொண்டு காசியம்மாவோடு செங்கல்பட்டு பஸ் ஏறினான். அதே பஸ்ஸில்தான் நானும் பத்திர ஆபீஸுக்குப் போனேன். அவர்கள் முன்னால், நான் பின்னால். இரண்டு டிக்கெட்டையும் அவளே எடுத்தாள், அவன் நீட்டின காசை வாங்காமல்.

சர்வர் வேலை செய்தது. மண்டபம் மகள் பேருக்குப் போனது. அது என் வீட்டு விஷயம்.

ஆனால் கனடா திரும்பிய பிறகு தேசிங்கு ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறான். ஏலக் கொட்டகைச் சுவரில் புதுக் கட்டுப்பாட்டைப் பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள். பேத்தி படித்துக் காட்டினாள். கீழே "ஊர்ப் பொதுமக்கள்" என்று மட்டும் இருக்கிறது. பக்கத்துக் குப்பத்தார் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்களாம், அதே மாதிரி போடப் போகிறார்களாம். கோவிந்தன் எல்லாருக்கும் அது தன் யோசனை என்று சொல்கிறாராம்.

இதைப் படிக்கிற யாராவது அந்தப் பக்கம் போனால் கோவிந்தனிடம் சொல்லுங்கள். பெயிண்ட் நான் வாங்கித் தருகிறேன். ஊர்ப் பொதுமக்களை அழிக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும். அதுக்கு மேல் பேர் எழுதணும். முதல் பேர் காசியம்மாவுடையது, அதில் எனக்கு ஒரு தகராறும் இல்லை. இரண்டாவது பேர் என்னுடையது. மூன்றாவது எவன் பேரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.